பால் பிடிக்காத கதிர்

தெய்வம்மா எங்களை ஏமாற்றினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நல்லவிதமாகத்தான் எழுதப்போகிறேன். குற்றத்தை மூடி மறைத்துவிட்டேன் என்று பின்னால் யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

எண்பத்திரண்டாம் வருஷம். நான் ஊட்டியில், பெர்ன்ஹில் பக்கம், ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எங்கள் தலைமைச் சமையல்காரர் பம்பாயிலிருந்து வந்தவர். சீனச் சமையலில் போடுவதற்கு அவருக்கு ஒரு பொருள் அடிக்கடி தேவைப்பட்டது. டின்னில் வரும். சுண்டுவிரல் நீளம், வெளிர் மஞ்சள், பார்த்தால் மக்காச்சோளக் கதிரேதான். ஆனால் மணி கிடையாது. மணி வைக்கும் முன்பே பறித்து, நடுத்தண்டோடு அப்படியே தின்பார்களாம். பேபி கார்ன் என்று பெயர். டின் தீர்ந்தால் மனிதர் பம்பாய்க்குத் தந்தி அடித்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மக்காச்சோளம்தானே சார், இதை இங்கேயே போட்டுப் பறித்தால் என்ன?" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது.

எனக்குத் தெரிந்த விவசாயி ஆறுக்குட்டி ஒருவர்தான். அன்னூர்க்காரர். எங்கள் ஊருக்குப் பக்கம். சோலூருக்குக் கீழே, கல்லட்டி பார்த்த சரிவில் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டுக்கொண்டிருந்தார். ஊட்டிக் குளிர் அங்கே கொஞ்சம் குறைவு, அதனால் மக்காச்சோளம் வரும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது.

"ஏனுங்க லிங்கசாமி, மணி வெக்காத கருதைக் காசு குடுத்து வாங்கித் திங்கறவன் இருக்கறானுங்களா?"

"இருக்கறானுங்க. டின் டின்னா திங்கறானுங்க."

"அப்பச் செரி. திங்கறவன் இருக்கறப்ப போடறதுக்கு நமக்கென்ன?"

அரை ஏக்கரை இரண்டு பாத்தியாகப் பிரித்தோம். முதல் பாத்தியில் ஆடி தொடக்கத்தில் விதைத்தோம், இரண்டாவதில் மூன்று வாரம் கழித்து. ஒரே நாளில் எல்லாம் பறிப்புக்கு வந்தால் ஹோட்டலில் அழுகிப்போகும், அதனால் அப்படி. நெருக்கி விதைக்க வேண்டும். உச்சியில் ஆண் பூ தலைகாட்டியவுடன் அதைக் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் அதன் தூள் விழுந்து கதிரில் மணி பிடித்துவிடும். கதிர் நுனியில் பட்டு மாதிரி நூல் எட்டிப் பார்த்தால் அன்றைக்கோ மறுநாளோ பறித்துவிட வேண்டும். பயிர்செய்யும் முறையைச் சமையல்காரர் எங்கிருந்தோ வாங்கி, டைப் அடித்துக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் தெய்வம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். பிறந்ததிலிருந்து செடிகளுக்கு நடுவில் நிற்கும் ஒருத்திக்கு, ஸ்டோர் ரூமில் வெங்காயம் எண்ணுகிறவன் பாடம் நடத்தினேன்!

தெய்வம்மா ஆறுக்குட்டியின் தோட்டத்துக் காவல். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கக் கூடை மாட்டியவள். எழுபத்தாறில், இரண்டு நாட்டு அரசும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிவைத்த கூட்டத்தோடு, புருஷன் செல்லையாவையும் மகள் மருதாயியையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். மண்டபம் முகாமில் கொடுத்த காகிதத்தில் வேலையும் வீடும் உண்டு என்று எழுதியிருந்ததாம். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கோத்தகிரி பக்கம் காட்டோரத்தில் போட்ட முதல் குடிசையை, அது காட்டு நிலம் என்று சொல்லிப் பிய்த்தெறிந்தார்கள். ஜெகதளாவில் ஒரு தோட்டத்தில் லைன் வீடு கிடைத்தது. செல்லையா மஞ்சள் காமாலையில் செத்த மறுமாதம், தோட்டத்தில் பெயர் பதிந்த வேலைக்காரன் போய்விட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்று காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் ஆறுக்குட்டியின் தகரக் கொட்டகை. பாதியில் உர மூட்டை, மீதியில் தாயும் மகளும். அந்தக் கூரையும் ஆறுக்குட்டியின் வாய்வார்த்தையில்தான் நின்றது.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளே கிடையாது. இரண்டு கையாலும் பறிப்பாள். பீன்ஸ் பறிக்க இறங்கினால் இரண்டு ஆள் வேலை. அவளிடம்தான் நான் தாளை விரித்துப் படித்தேன்.

"மணி வச்ச பொறகு பறிக்கணுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, மணி வைக்கிறதுக்கு முன்னாடி. நூல் விட்ட உடனே."

அவள் என்னைப் பார்த்தாள். ஆறுக்குட்டியைப் பார்த்தாள். மகள் மருதாயியைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். ஒருத்தி 'சரிங்க' என்று சொன்னால் அது சம்மதம்தான் என்று நம்பிக்கொண்டிருந்த வயசு எனக்கு.

புரட்டாசியில் ஆறுக்குட்டி மகள் கல்யாண வேலையாக அன்னூரோடு தங்கிவிட்டார். ஹோட்டலை விட்டு என்னாலும் நகர முடியவில்லை, இரண்டாவது சீசன் கூட்டம். சோலூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லி தெய்வம்மாவை விசாரிப்பேன். "இன்னும் நூல் விடலையாம் சார்" என்று பதில் வரும். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதேதான். மலைக்குளிரில் எல்லாமே தாமதமாகத்தானே வரும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமையல்காரர் என்னைப் பார்க்கும் பார்வைதான் தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்த முதல் சனிக்கிழமை, ஆறுக்குட்டி ஜீப்பில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கல்லட்டி மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. இன்றோ நாளையோ மழை பிடித்துக்கொள்ளும். ஜீப்பை நிறுத்தி வரப்பில் ஏறினோம். ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

முதல் பாத்தி முழுக்க ஆண் பூக்கள் கிள்ளப்படாமல் காய்ந்து நின்றன. அதன் கீழே கதிர்கள். சுண்டுவிரல் அளவு அல்ல, மணிக்கட்டுப் பருமன். நூல் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. ஒன்றை ஒடித்து மடலைக் கிழித்தேன். நகம் பட்ட இடத்தில் பால் பீய்ச்சி என் கண்ணாடியில் தெறித்தது. வரிசை பிசகாமல் மணி. இது நூல் விட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 'இன்னும் நூல் விடலை' என்று அவள் சொல்லியனுப்பிய அத்தனை நாளும் இது என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் முற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, தெய்வம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். பயந்து ஒளிவாள், அழுவாள் என்று நினைத்தால், முகமெல்லாம் பூரிப்பு. பின்னால் மருதாயி. பதினெட்டு வயது, அம்மாவைவிட ஒரு சாண் உயரம், பேச்சே கிடையாது. அவள் மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

"பாத்தீங்களாய்யா எப்படிப் பால் புடிச்சிருக்குன்னு? ஒத்தக் கருது சொத்தையில்ல. இன்னும் பாஞ்சு நாள் பொறுங்க, மூட்டை மூட்டையா அளந்து தாரேன்" என்றாள் தெய்வம்மா.

ஆறுக்குட்டி ஒரு கதிரை ஒடித்து அவள் முன்னால் நீட்டினார். "ஏம்மா தெய்வம்மா, உனக்கு என்ன சொல்லீட்டுப் போனேன்? என்ன பண்ணிவெச்சிருக்கறே?"

"நீங்க டவுன்ல இருக்கிறவங்க. தெரியாம சொல்றீங்கன்னு நெனச்சேங்கய்யா. மணி வைக்காத கருதைப் புடுங்கினா பயிரே வீணு. நட்டத்துல வுழுந்திறக் கூடாதேன்னுதான்..."

நாங்கள் அறியாமல் செய்த பிழையிலிருந்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறாள்! அதற்காகத்தான் பொய் சொல்லியனுப்பியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா, தெரியவில்லை.

ஆறுக்குட்டி விறுவிறுவென்று இரண்டாம் பாத்திக்குப் போனார். நானும் ஓடினேன். அங்கே நூல் நேற்றுத்தான் எட்டிப் பார்த்திருந்தது, இளம் பச்சையில், ஈரம் போகாமல். ஆனால் உச்சிப் பூக்கள் இங்கேயும் கிள்ளாமல் விரியத் தொடங்கியிருந்தன. விட்டால் இதுவும் மணி வைத்துவிடும்.

"இன்னைக்கே பறிச்சாகோணும். கூடையை எடு, தெய்வம்மா" என்றார்.

சிரிப்பு அப்போதுதான் அவள் முகத்திலிருந்து போனது. "வேணாங்கய்யா" என்றாள்.

"என்ன வேணாம்?"

"இதை என் கையால புடுங்க மாட்டேன்."

"அப்ப இந்தத் தோட்டத்துல உனக்கு என்ன வேலை?" ஆறுக்குட்டி கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும். "முதல் பாத்தி போச்சு, அது போகட்டும். பொய் சொன்னே, அதுவும் போகட்டும். இதையும் பறிக்கமாட்டேன்னா நாளைக்கு வேற ஆளைக் கூட்டியாந்து பறிச்சுக்கறேன். அந்த ஆளே கொட்டகையிலும் இருந்துக்கட்டும். நீ மூட்டையைக் கட்டு."

மருதாயியின் கண் மேகத்தைப் பார்த்தது, கொட்டகையைப் பார்த்தது. தெய்வம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கால்விரல் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு அசட்டுத்தனம் உண்டு. சண்டை நடக்கும் இடத்தில் ஒரு காகிதம் கையிலிருந்தால் அதைப் படித்துச் சமாதானம் செய்துவிடலாம் என்று நம்புவேன். சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. விரித்தேன்.

"தெய்வம்மா, இது ஒண்ணும் வீணாப் போற பொருள் இல்லம்மா. கேளுங்க. நூறு கிராம்ல ரெண்டு கிராம் புரதம். பாஸ்பரஸ் இருக்கு, அது எலும்புக்கு நல்லது. நார்ச்சத்து இருக்கு. மடலுக்குள்ள மூடியே இருக்கிறதால பூச்சிமருந்து படாது. கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு பெருக்காது. அதுதான் இதுல விசேஷமே."

"உடம்பு பெருக்காதுங்களா?"

"பெருக்காது."

"அப்ப இதைத் தின்னா பசி அடங்காதுங்களே ஐயா."

"பசிக்காகச் சாப்பிடறவங்க இல்லம்மா அவங்க. சாப்பிட்ட மாதிரியும் இருக்கணும், உடம்புல ஒட்டவும் கூடாது. அதுக்குத்தான் காசு குடுத்து வாங்கறாங்க."

சொல்லி முடிக்கும்போதே தப்பாக எதையோ சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெய்வம்மா என் கையிலிருந்த தாளையே பார்த்தாள். படிக்கத் தெரியாதவள், அதில் இருந்த எழுத்தையெல்லாம் படித்துவிடுகிறவள் போலப் பார்த்தாள். பிறகு வரப்பில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"உடம்புல ஒட்டாதுன்னு அதுலயே எழுதியிருக்குங்களா?" என்றாள். "அப்ப எனக்குத் தெரிஞ்சது சரிதான்."

ஆறுக்குட்டி அதட்ட வாயெடுத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன். அவள் எங்களிடம் பேசுகிறாளா தனக்குத்தானே பேசுகிறாளா என்று புரியாத குரலில் பேசினாள்.

"எழுபத்து நாலுங்கய்யா. சிலோன்ல எங்க தோட்டத்துல, ஏழு நாள் கிழமைக்கு ரெண்டு நாள்தான் வேலை. ரேஷன் மாவைக் கொறைச்சுட்டாங்க. காசு இருந்தாக்கூட கடையில மாவு இல்ல. காட்டுக்கீரை, கெழங்குத்தோல் எல்லாம் தின்னோம். நாங்க இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டுல சோளம் போட்டிருந்தேன். கருது வந்துச்சு, நூல் விட்டுச்சு. மணி வைக்க இன்னும் இருவது நாள் வேணும். இருவதே நாள். புள்ளைங்க அழுகையப் பொறுக்க மாட்டாம புடுங்கிட்டேன். தெனம் அஞ்சாறு புடுங்கி அவிச்சு வச்சிட்டு, வேலைக்குப் பேர் குடுக்க விடியக்காலப் பெரட்டுக்குப் போவேன். எம் மூக்கன்... ரெண்டு புள்ள தங்காமப் போயி, இவனாச்சும் நிக்கட்டும்னு மூக்குக் குத்தி அந்தப் பேரே வச்ச புள்ளைங்கய்யா. நாலு வயசு. வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் இருந்தான். தின்னுக்கிட்டே கரைஞ்சு போயிட்டான். கடைசிக் கருதைப் புடுங்கின அன்னைக்குப் போயிட்டான். பொறுத்திருந்தா அது மணியாயிருக்கும். இடிச்சா மாவாயிருக்கும். நான் புடுங்கிட்டேன். என் கைதான் புடுங்குச்சு."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறை படிந்த விரல்கள்.

நான் தாளை மடித்தேன். சட்டைப்பைக்குள் திணித்தேன். இவள் தன் பாவம் என்று சுமந்ததை வரி வரியாக, விளக்கம் சொல்லி, இவள் காதில் படித்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை என்ன சொல்ல. ஆறுக்குட்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் இளகியது தெரிந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை வாபஸ் வாங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"நடந்தது நடந்துபோச்சு அம்மிணி. அதுக்காக இப்ப கூரையைத் தொலைச்சுக்கறதா? வயசுப்புள்ளையை வெச்சுக்கிட்டு மழையில எங்க போவே?"

"எங்கயாச்சும் போறங்கய்யா. இது மட்டும் என்னால ஏலாது." எழுந்து கொட்டகையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"அம்மா" என்றாள் மருதாயி.

அந்தப் பெண் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெய்வம்மா நின்றாள்.

"அவன் அதைத் தின்னலம்மா."

"என்னாது?"

"மூக்கன் தின்னல." மருதாயியின் உதடு வெள்ளையாக இருந்தது. "நீ பெரட்டுக்குப் போறப்ப ரெண்டு பேருக்கும் வச்சிட்டுப் போவ. நான்தான் தின்னேன். எம் பங்கையும் அவன் பங்கையும். அவிச்ச தண்ணிய மட்டும் அவனுக்குக் குடுப்பேன். அவன் குடிச்சிட்டுப் படுத்துக்குவான். நீ வந்து கேக்கறப்ப தின்னான்னு சொல்லுவேன். தெனம் நாளைக்குக் குடுப்போம்னு நெனப்பேம்மா. மறுநாளும் எனக்குப் பசிக்கும்."

பத்து வயதுப் பிள்ளை செய்ததை எட்டு வருஷம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்தவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வாய் பேசாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்பு என்னைச் சுட்டது. இப்போது என்ன நடக்கும்? அந்தத் தாய் அவளை அடித்துக் கொன்றால்கூட நான் தடுத்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். தடுக்க நான் யார்?

"கருது ஒண்ணும் பண்ணலம்மா" என்று தேம்பினாள் மருதாயி. "உன் கையும் ஒண்ணும் பண்ணல. அதைத் தின்னுதான் நான் இருக்கேன். நீ இதைப் பறி. நீ இதுக்காக வெளிய போவாத."

தெய்வம்மா மகளைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கள் இருவரையும் தாண்டி இரண்டாம் பாத்திக்குப் போனாள். மேல் கணுவில் இருந்த ஒரு கதிரைச் சட்டென்று ஒடித்தாள். மடலை உரித்தாள். நூலை விரலால் வழித்துப் போட்டாள். சுண்டுவிரல் அளவில், மணி இல்லாமல், வெளிர் மஞ்சளாக அது அவள் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மகளிடம் வந்தாள்.

மருதாயி அடி விழப்போகிறது என்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தெய்வம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, கதிரை அதில் வைத்தாள்.

"தின்னு."

"அம்மா..."

"தின்னு புள்ள. நீயும் தின்னாம இருந்திருந்தா நான் ரெண்டு குழியில்ல வெட்டியிருக்கணும்."

கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த கூடையை எடுத்து, கயிற்றை நெற்றியில் போட்டுக்கொண்டு, பாத்திக்குள் இறங்கி இரண்டு கையாலும் பறிக்கத் தொடங்கினாள். ஆறுக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினார். நான் இறங்கவில்லை. மருதாயி அந்தக் கதிரை வாயில் வைத்து, மென்று, விழுங்கி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.